இலவச இணைப்பு

ஆடி மாதத்தில், குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து கொடியில் கிடந்த துணிகளைக் காயவிடாமல் செய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், எழுத்தாளர் ஆவுடைச்செல்வியின் கணவர் திருமேனி குளித்துவிட்டுச் சட்டை போடப் போனபோது, சட்டையின் இடது பக்கத்துக்குள் நுழைப்பதற்குக் கை இல்லை என்பதைக் கண்டார். வலி இல்லை, ரத்தம் இல்லை, தழும்புகூட இல்லை. அந்த இடத்தில் கை என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்பதுபோலத் தோள்பட்டை வழவழவென்று முடிந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஈரத் துண்டை உதறிப் பார்த்தார். பிறகு முன்னறைக்கு வந்து, "செல்வி, என் இடது கையக் காணோம்" என்றார்.

ஆவுடைச்செல்வி அன்று மதியத்துக்குள் வாரப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய அத்தியாயத்தின் நடுவில் இருந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "டிவி மேல பாருங்க, எல்லாத்தையும் அங்கதான வைப்பீங்க" என்றாள்.

அவர் டிவி மேலேயும் பார்த்தார். கதாநாயகியை ரயில் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் திரும்பியபோது, அவர் ஒற்றைக் கையால் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனால் அவள் கேட்ட முதல் கேள்வி எப்படிப் போனது என்பதல்ல. "யார்ட்டயும் சொன்னீங்களா?" என்றுதான் கேட்டாள்.

தென்காசி இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உங்களுக்குப் பிரச்சினை ஒண்ணுமில்ல, கைதான் இல்ல" என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். டெய்லர் அருணாசலக்கனி அவருடைய சட்டைகளை எல்லாம் வாங்கி இடது பக்கத்தை அழகாக மூடித் தைத்து, மிச்சத் துணியில் கைக்குட்டைகளும் தைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மாடத்தி சுக்குக் காப்பி கொண்டுவந்து, "எங்க சின்னையாவுக்கு ஒரு ஐப்பசில இப்படித்தான் குரல் காணாமப் போச்சு, மழை விட்டதும் தானா வந்துட்டு, நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீங்க அண்ணாச்சி" என்றாள். பஸ்ஸில் இடம் விட்டார்கள். டீக்கடையில் கிளாஸை அவருடைய வலது பக்கமாக வைத்தார்கள். கை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. ஒற்றைக் கையால் எப்படி வேட்டி கட்டுகிறார் என்றுதான் கேட்டார்கள், அவரும் உற்சாகமாகக் கட்டிக் காட்டினார்.

உற்சாகம் அவருடைய குணம். அந்தக் குணத்தைத்தான் ஆவுடைச்செல்வியின் வாசகர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆவுடைச்செல்வியின் தொடர்கதை வருகிற வியாழக்கிழமைகளில் அந்தப் பக்கத்து ஊர்களில் வேலைகள் கொஞ்சம் மெதுவாகவே நடந்தன. பீடி சுற்றும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், வாசிக்கிறவளின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் ஊசி போடும்போதே நோயாளிகளிடம் அடுத்து என்ன ஆகும் என்று கேட்டார்கள். கல்யாண வீடுகளில் அவளைக் கண்டால் மணமக்களை விட்டுவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டார்கள். எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்கா.

அந்த அக்காவுக்குப் பக்கத்தில் எப்போதும் திருமேனி இருந்தார். ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தவர், மனைவியின் பெயர் பெரிதானதும் வேலையை விட்டுவிட்டு அவளோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். கூப்பிடாமலே மேடை ஏறினார். அவளுக்குச் சால்வை போர்த்தி முடிந்ததும் தனக்கும் வரும் என்று கழுத்தைக் கொஞ்சம் குனிந்து வைத்துக்கொண்டார், கொண்டுவந்தவர்களும் வேறு வழியில்லாமல் ஒன்றைப் போர்த்தினார்கள். மைக் சும்மா இருந்தால், "வணக்கம், நான் எழுத்தாளரோட கணவர்" என்று தொடங்கி, அவள் எந்த அத்தியாயத்தை எந்த டீ குடித்துக்கொண்டு எழுதினாள் என்பதுவரை பேசினார். எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது புத்தகத்தை நீட்டி அவளிடம் கையெழுத்து வாங்கினால், பேனாவை வாங்கி அவள் பெயருக்குக் கீழே 'திருமேனி (கணவர்)' என்று எழுதி, அடியில் ஒரு நீளக் கோடும் இழுத்துவிட்டார்.

வாரப் பத்திரிகையோடு கூடவே வரும், யாரும் கேட்காத சமையல் குறிப்புப் புத்தகத்தை நினைத்து, வாசகர்கள் அவருக்கு 'இலவச இணைப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரை வைத்தது சுரண்டையில் இயற்பியல் டீச்சராக இருந்த எஸ்தர் கனகமணி. வாசகர் வட்டத்தின் முகநூல் பக்கத்தையும் வாட்ஸாப் குழுவையும் அவள்தான் நடத்தினாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எஸ்தர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் தொடர்கதையை வாசித்துக் காட்டினாள், கதை முடிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். பிறகு அது புத்தகமாக வந்ததும் வாங்கிக்கொண்டு கையெழுத்துக்குப் போனாள். ஆவுடைச்செல்வி அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக் கண் கலங்கி, முதல் பக்கத்தில் அவள் அம்மாவின் பெயரை எழுதி, 'அவர்களுக்காக' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எஸ்தர் புத்தகத்தை மூடுவதற்குள் திருமேனி அதை வாங்கி, அம்மாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கோடு இழுத்தார். "நல்லா இருங்கம்மா" என்று சிரித்தார். எஸ்தர் அந்தச் சிரிப்பை மன்னிக்கவேயில்லை.

கை போன பிறகு திருமேனி புத்தகத் திருவிழாவுக்கு வந்தபோது கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. கட்டிலுக்கு அடியில் தேடிய கதையை அவர் கை இல்லாத தோளை ஆட்டி ஆட்டிச் சொன்னார், ஜனங்கள் சிரித்தார்கள், அந்த நேரம் முழுக்க ஆவுடைச்செல்வி பேனாவோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே குழுவில் எஸ்தர் எழுதினாள்: 'கை போனதுகூட இந்த ஆளுக்கு விளம்பரம். இனிமே நம்ம பக்கத்துல அக்கா மட்டும்தான்.'

அதற்குக் கீழே கும்பிட்ட கைகளும் நெருப்புப் படங்களும் வரிசையாக வந்து விழுந்தன. வாசகர்கள் தங்கள் போன்களில் இருந்த பழைய படங்களை எல்லாம் எடுத்து அவரை வெட்டத் தொடங்கினார்கள். மேடைப் படங்கள், விருந்துப் படங்கள், கோவில் வாசலில் எடுத்த படங்கள், எல்லாவற்றிலும் ஓரத்தில் நின்ற மனிதரை விரலால் இழுத்து இழுத்து வெளியே தள்ளினார்கள். சிலர் வெட்ட முடியாத இடத்தில் அவர் முகத்தின்மேல் சூரியகாந்திப் பூவை ஒட்டினார்கள். வெட்டிய படத்தைப் போட்டுவிட்டு முழுப் படத்தை அழித்தார்கள்.

திருமேனியின் இடது காது ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மீசையின் பாதி கோவிலுக்குப் போகிற வழியில் போனது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போனபோது அவர் தோசைக்குக் காத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கப் போனபோதுதான் தெரிந்தது. ஊர் இதற்கும் இடம் செய்து கொடுத்தது. தச்சு ஆசாரி ஊன்றுகோல் செய்து கொண்டுவந்தார், முடிவெட்டுகிறவர் மிச்ச மீசையையும் வழித்துவிட்டு, இப்போதுதான் லட்சணமாக இருக்கிறது என்றார், கண்ணாடிக்கடைக்காரர் ஒரு பக்கம் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி தந்தார். ஆனால் சூரியகாந்திப் பூக்கள் வந்த வாரத்தில், வருஷக்கணக்காக அவருக்கு டீ போட்ட மாஸ்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "யாரு நீங்க? வெளியூரா?" என்று கேட்டார். திருமேனி பெயரைச் சொன்னார். "அட, அண்ணாச்சியா!" என்று மாஸ்டர் பதறிக் கிளாஸைக் கழுவினார். அவர் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியதும் மாஸ்டர் மறுபடி மறந்துபோனார். அன்றிலிருந்து திருமேனி எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் பெயரைச் சொன்னார். 'எழுத்தாளர் கணவர்' என்பதை மட்டும் சேர்க்கவில்லை.

ஆவுடைச்செல்வி அவரை வெளியே கூட்டிப்போவதை நிறுத்தினாள். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்றாள். மதுரையில் நடந்த ஒரு விழாவுக்கு முதல்முறையாகத் தனியாகப் போனாள். மேடையில் ஒரே ஒரு நாற்காலி. அவள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வரவேற்றுப் பேசிய வாசகர் மைக்கைப் பிடித்து, "இந்த வாரம் இலவச இணைப்பு இல்லாம அக்கா மட்டும் தனி இதழா வந்திருக்காங்க!" என்றார். அரங்கம் இடிந்துவிழுந்ததுபோலச் சிரித்தது. ஆவுடைச்செல்வியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவள் ஊர் திரும்புவதற்குள் அந்த வீடியோ தென்காசிக்கு வந்துவிட்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றும்போது திருமேனி நாற்காலியில் உட்கார்ந்து போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நல்லாச் சிரிச்சிருக்க செல்வி," என்றார் அவர். "நீ இப்படிச் சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு." பிறகு, "சாப்பிட்டியா? ரசம் இருக்கு" என்றார்.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். அடுத்த வியாழக்கிழமை பத்திரிகையில் தொடர்கதை வரவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை.

எஸ்தர் கனகமணி வீட்டுக்கு வந்தது அதனால்தான். வாசகர் வட்ட ஆண்டு விழாவுக்கு அழைக்கிற சாக்கில், அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துப்போகப் பழங்களோடு வந்தாள். ஆவுடைச்செல்வி உள்ளே இருந்தாள். கதவைத் திறந்தது ஊன்றுகோலில் சாய்ந்த ஒரு மனிதர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறந்துபோகிற முகம்.

"திருமேனி," என்று பெயரைச் சொன்னார் அவர். "வாங்க டீச்சர்."

எஸ்தர் உட்கார்ந்தாள். பேசுவதற்கு வாயைத் திறந்தவள் அவருடைய தலையின் இடது பக்கத்தைப் பார்த்ததும் பேச வந்ததை மறந்தாள். காது போன இடம் நேராக முடியவில்லை. மேலிருந்து கீழே சாய்வாக இறங்கி, பாதியில் ஒரு சின்ன வெட்டு உள்வாங்கியிருந்தது. அந்தச் சாய்வை அவளுக்குத் தெரியும். பாவூர்சத்திரம் தாண்டிப் பஸ்ஸில் போகும்போது, புளியங்குடிக் கூட்டத்துப் படத்தை அவள் விரலால் வெட்டிக்கொண்டிருந்தாள், வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டு விரல் கோணலாகப் போனது, பரவாயில்லை என்று அப்படியே போட்டுவிட்டாள். அந்தக் கோணல் இப்போது அவள் முன்னால் உட்கார்ந்து, "காப்பியா, டீயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி," என்றாள் எஸ்தர். "இது நான் வெட்டினது."

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"உங்க பக்கத்த நானும் பாக்குதேன்லா. காலைல படம் வரும், மத்தியானம் எனக்கு ஏதாவது போகும்." அவர் அதைச் சலிப்பில்லாமல் சொன்னார், மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்வதுபோல.

"பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லல? ஏன் எங்களைத் திட்டல?"

திருமேனி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். "என்னன்னு திட்ட? நீங்க சொன்னதுல பொய் இல்லையே. வருசக்கணக்கா ஜவுளிக்கடையில நின்னேன். வாரவங்க சேலையப் பாப்பாங்க, விலையப் பாப்பாங்க, விரிச்சுக் காட்டுதவன யாரு பாப்பா? இவ பக்கத்துல நின்னா நாலு பேரு என்னையும் பாத்தாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. பிடிச்சுப்போயி, எங்க நிக்கணும்னு தெரியாமப் போச்சு." பிறகு, "உங்க அம்மா பேருக்குக் கீழ எழுதியிருக்கக் கூடாது டீச்சர். நீங்க போனப்புறம் செல்வி சொல்லித்தான் அது அம்மா பேருன்னே தெரியும். அதுக்கு நான் உங்கள்ட்ட ஒண்ணும் சொல்லிக்கவே இல்ல" என்றார்.

எஸ்தர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் எல்லாப் படத்தையும் திரும்பப் போடச் சொல்லுதேன். இன்னைக்கே சொல்லுதேன். எல்லாம் வந்துரும் அண்ணாச்சி. கையும் வந்துரும்."

"கை வராது," என்றது ஒரு குரல்.

ஆவுடைச்செல்வி உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. அத்தனை வாசகர்களையும் அழவைத்த அந்தக் குரலில் இப்போது எந்த அழகும் இல்லை.

"கைய நீங்க யாரும் வெட்டல எஸ்தர். முதல்ல வெட்டினது நான். புதுப் புத்தகத்துப் பின்னட்டைக்குப் படம் கேட்டாங்க. என் தம்பி மகன் கல்யாணத்துல எடுத்தது ஒண்ணுலதான் நான் நல்லா இருந்தேன். பக்கத்துல இவரு, என் தோள்ல கை போட்டுக்கிட்டு. நீங்க எல்லாரும் என்ன சொல்லுவீங்கன்னு நினைச்சுப் பாத்தேன். கத்தரிக்கோல எடுத்து, அந்தக் கைய இவரு தோளோட ஒட்ட வெட்டினேன். வெட்டின துண்ட இவரு பாத்துரக் கூடாதுன்னு அடுப்புல போட்டேன். மறுநாள் காலைல வந்து, கையக் காணோம்னு என்கிட்டயே கேக்குதாரு."

அவள் திருமேனியைப் பார்க்கவில்லை. திருமேனி ஜன்னலைப் பார்த்தார். இது ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது என்பது எஸ்தருக்கு அவர் உட்கார்ந்திருந்த விதத்திலிருந்து புரிந்தது. கொண்டுவந்த பழங்களை எடுத்துக்கொண்டு போவதா வைத்துவிட்டுப் போவதா என்றுகூடத் தெரியாமல் அவள் எழுந்தாள்.

அன்று குழுவில் எஸ்தர் நடந்ததை நடந்தபடி எழுதினாள். இந்தமுறை கும்பிட்ட கைகளும் நெருப்புப் படங்களும் வரவில்லை. பிறகு, விளக்கம் சொல்லாமல், மன்னிப்பும் கேட்காமல், ஒவ்வொருவராக முழுப் படங்களைத் தேடி எடுத்துப் போடத் தொடங்கினார்கள். அழித்தவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கினார்கள். சங்கரன்கோவில் மருந்துக்கடைக்காரர் போட்ட படத்தில் காது திரும்பியது, அன்றைக்கு மேடையில் வைத்த சந்தனம் உலராமல் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தது. துபாயில் இருந்த ஒரு வாசகி போட்ட படத்தில் வலது கால் வந்தது, எப்போதோ ஒரு புத்தகக் கண்காட்சியில் தொலைந்துபோன செருப்போடு வந்தது. பூக்களை எடுத்த நாளில் டீ மாஸ்டர் தூரத்திலிருந்தே, "அண்ணாச்சி, சக்கரை கம்மியாத்தான?" என்று சத்தம் போட்டார். பாதி மீசைகூட வந்தது, வழித்த மற்றப் பாதி வளர்ந்து வரும்வரை அவர் அதை வைத்துக்கொண்டு பொறுமையாக அலைந்தார்.

இடது கை வரவில்லை. ஆவுடைச்செல்வி தம்பி வீட்டுப் பெட்டிகளை எல்லாம் கலைத்துப் பார்த்தாள். படம் எடுத்த ஸ்டூடியோவைத் தேடிப் போனாள், அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒருவரையொருவர் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக நடந்துகொண்டார்கள். அவர் கோபப்படவேயில்லை. கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள்.

ஆண்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, பெயர் எழுதி, சால்வையும் வாங்கி வைத்திருந்தார்கள். திருமேனி மேடை ஏறவில்லை. "இங்கனயே இருக்கேன், இங்கருந்து நல்லாத் தெரியுது" என்று சொல்லி, பீடி சுற்றும் பெண்களுக்கு நடுவில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடைச்செல்வி மைக் முன்னால் வந்து நின்று, அந்தக் கையைத் தான் வெட்டியதையும், எரித்ததையும், மதுரையில் சிரித்ததையும், எதையும் அலங்கரிக்காமல் சொன்னாள். அவள் முடித்ததும், பின்னால் யாரோ ஒருவர் எழுந்து, "அக்கா, இப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும் அக்கா!" என்றார். உடனே ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் எழுந்து தட்டினார்கள். சிலர் அழுதுகொண்டே தட்டினார்கள். அவள் சொன்னதுகூட அவளுடைய புகழோடு போய்ச் சேர்ந்துகொண்டதை அவள் கண் முன்னால் பார்த்தாள்.

"தட்டாதீங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "தயவுசெஞ்சு தட்டாதீங்க."

அப்போது அவள் கூட்டத்துக்குள் திருமேனியைப் பார்த்தாள். எல்லாரும் எழுந்து நின்றதால் அவரும் எழுந்து நின்று, வலது உள்ளங்கையால் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் முதலில் அதைப் பார்த்துத் தன் கைகளை இறக்கினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். வரிசை வரிசையாகக் கைகள் இறங்கி, கடைசியில் மண்டபம் முழுக்க அந்த ஒரு சத்தம் மட்டும், தொடையில் விழுகிற ஒற்றைக் கையின் மொத்தென்ற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் நிறுத்திவிட்டதைக் கவனித்த திருமேனி வெட்கப்பட்டுத் தானும் நிறுத்தினார்.

சால்வையை யாரும் எடுக்கவில்லை. எப்படியாவது விழாவை முடிக்க வேண்டும் என்று எஸ்தர், "குழுப் படம் எடுத்துருவோம்" என்றாள். எல்லாரும் மேடையில் நெருக்கியடித்து நின்றார்கள். ஆவுடைச்செல்வியின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். "அண்ணாச்சி, வாங்க," என்றாள் எஸ்தர். "வாங்க அண்ணாச்சி," என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் அத்தனை அன்பாகத் தன்னைக் கூப்பிட்டு அவர் கேட்டதேயில்லை.

திருமேனி மேடைக்கு முன்னால் வந்தார். எஸ்தரிடம் கையை நீட்டி அவளுடைய போனை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போய் நில்லுங்க டீச்சர். நான் எடுக்கேன்."

எஸ்தர் போய் நின்றாள். ஆவுடைச்செல்வி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

அவர் ஒற்றைக் கையால் போனைத் தூக்கி, கட்டை விரலை எட்டவைக்கச் சிரமப்பட்டு, இரண்டடி பின்னால் போனார். "ஓரத்துல நிக்கவங்க கொஞ்சம் உள்ள வாங்க. பச்சைச் சேலை அம்மா, தள்ளி நில்லுங்க, பின்னால தம்பி மறையுதாப்ல. செல்வி, நிமிந்து பாரு." எல்லாரும் அவர் சொன்னபடி செய்தார்கள். "சிரிங்க," என்றார். அதை மட்டும் யாராலும் செய்ய முடியவில்லை.

படம் எடுத்தார். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, ஜவுளிக்கடையில் சேலையின் முந்தானையைப் பார்ப்பதுபோல இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும் கவனமாகப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எல்லாரும் வந்துட்டீங்க," என்றார். "ஒருத்தரும் வெட்டுப்படல."